குளிர்காலத் தம்பதியரும் வெதுவெதுப்பான கதவுகளும்: ஓர் அகத்திணை ஆய்வு

மார்கழியும் தையும் முன்பனிக் காலம். முன்பனி குறிஞ்சிக்கு உரியது; குறிஞ்சிக்கு உரிய ஒழுக்கம் புணர்தல். ஆகவே மார்கழியில் பிராக், வியன்னா, புடாபெஸ்ட் என்று ஜோடியாகக் கிளம்பும் கணவனும் மனைவியும் இலக்கணப்படி ஒட்டி உறவாடியாக வேண்டும். களத்தில் கண்டதோ பெரும்பாலும் ஊடல். அது மருதத்தின் சொத்து. இந்தத் திணை மயக்கம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் மைனஸ் நான்கு டிகிரியில் நின்று உரை எழுதியவர்கள் அல்லர் என்பதால், இதை விட்டுவிட்டார்களே என்று அவர்கள்மேல் குறைப்படுவதற்கில்லை.

ஆய்வில் பங்கேற்றோர் இருவர்: நானும் இணை ஆய்வாளரும். (இணை ஆய்வாளர் என்பது என் மனைவி. பதவியை அவள் கேட்கவுமில்லை, மறுக்கவுமில்லை.) ஒரே தம்பதியை வைத்துக்கொண்டு முடிவு சொல்லலாமா என்று புள்ளியியல்காரர்கள் முணுமுணுப்பார்கள். எந்தச் சதுக்கத்தில் நின்று திரும்பிப் பார்த்தாலும் மற்ற ஜோடிகளும் இதையேதான் அவரவர் மொழியில் செய்துகொண்டிருந்தார்கள் என்பது என் பதில்.

கருதுகோள் இதுதான்: குளிர்காலத்தில் தம்பதியர் நகரங்களைப் பார்ப்பதில்லை. ஒரு வெதுவெதுப்பான கதவிலிருந்து அடுத்த வெதுவெதுப்பான கதவுக்குப் போகிறார்கள். வழியில் தேவாலயம் வந்தால் அதன் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதாகப் பாவனை செய்துகொண்டே, உள்ளே ஹீட்டர் இருக்குமா என்று மனசு கணக்குப் போடும். டிசம்பர் கடைசியில் இந்த ஊர்களில் நாலு மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடுகிறது. பகல் என்று கையில் கிடைப்பதே எட்டு மணி நேரத்தை ஒட்டித்தான். அதிலும் பாதி, கோட்டைக் கழற்றுவதிலும் மாட்டுவதிலும் போய்விடும்.

முதல் விதி பிராகில் கிடைத்தது. பழைய நகரச் சதுக்கத்து வானியல் கடிகாரம் 1410ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மணிக்கொரு முறை எலும்புக்கூடு ஒன்று கயிற்றை இழுத்து மணியடிக்க, மேலே இரண்டு சன்னல்கள் திறந்து அப்போஸ்தலர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். கடைசியில் பொன்னிறச் சேவல் ஒன்று கூவும். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம் இருந்தால் அதிகம். நல்ல இடம் பிடிக்க வேண்டுமென்றால் கால் மணி நேரம் முன்னதாகவே போய்க் கருங்கல் பாவிய தரையில் நிற்க வேண்டும். குளிர் காற்றில் வருவதாகத்தான் நம் ஊரில் நினைக்கிறோம். அது கல்லிலிருந்து செருப்பின் அடிப்பாகம் வழியாக ஏறுகிறது. முழங்காலை எட்டிய கட்டத்தில் நான் கேட்டேன்:

“உனக்குக் குளிருதா?”

“எனக்கில்லையே. ஏங்க, உங்களுக்குக் குளிருதா?”

“சேச்சே.”

இவ்வுரையாடலிலிருந்து பெறப்படும் விதி: குளிருதா என்று முதலில் கேட்பவருக்கே குளிர்கிறது. எதிராளி ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவரைக் காப்பாற்றும் பெருந்தன்மையோடு உள்ளே போய்விடலாம். இல்லை என்று சொன்னால் சேவல் கூவும்வரை நின்றே ஆக வேண்டும். ஊடலின் வித்து இங்கேதான் விழுகிறது.

கையுறை பற்றிய துணை ஆய்வையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கைபேசித் திரைக்குத் தோல் பட்டால்தான் உணர்ச்சி. கம்பளிக் கையுறையை அது மதிப்பதேயில்லை. எனவே படம் எடுப்பவர் ஒரு கையை வெறுங்கையாக விட வேண்டும். எங்களில் படம் எடுப்பது இணை ஆய்வாளர். சார்லஸ் பாலத்தின் நடுவே விறைத்துப்போன அந்தக் கையை அவள் என் கோட்டுப் பைக்குள் நுழைத்தாள். இலக்கணம் சொன்ன குறிஞ்சி இதோ வந்துவிட்டது என்று நான் மகிழ்ந்தது சில விநாடிதான். விமான நிலையத்திலிருந்து அவள் தேடிக்கொண்டிருந்த லிப் பாம் பைக்குள் அவள் விரலில் தட்டுப்பட்டது. குறிஞ்சி மருதமாகத் திரிவதற்கு நிலம்கூட மாற வேண்டியதில்லை, ஒரு பை போதும் என்பது இத்துறைக்கு எம் பங்களிப்பு.

பிராகிலிருந்து வியன்னாவுக்கு ரயிலில் ஏறக்குறைய நாலு மணி நேரம். ரயில் என்பது தானே நகரும் வெதுவெதுப்பான கதவு என்பதால் அங்கே ஆராய எதுவும் நடக்கவில்லை; இருவரும் தூங்கினோம்.

வியன்னா இந்த ஆய்வுக்கென்றே கட்டிய ஊர். நடைபாதையில் அங்கங்கே சுவரில் நீளக் கழிகளைச் சாய்த்து வைத்திருப்பார்கள். கூரையிலிருந்து பனி சரிந்து தலையில் விழும், ஒதுங்கிப் போ என்று அர்த்தம். நகரமே வெளியில் நிற்காதே என்று சொல்லும்போது நாம் மீறலாமா? 1891இல் திறந்த கலை வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தோம். அதன் படிக்கட்டு உலகப் புகழ் பெற்றது என்கிறார்கள், இருக்கும். குளிர்ந்த கண்ணாடியில் உள்ளேயிருந்த சூடான காற்று பட்டதும் வில்லை முழுக்க ஆவி படிந்துவிட்டதால் நான் கண்டது வெண்மேகம் மட்டுமே. இணை ஆய்வாளர் கையைப் பிடித்து மேலே கூட்டிப் போனாள்.

மாடியில் புரூகல் 1565இல் தீட்டிய ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ இருக்கிறது. மூன்று பேர், பின்னால் சோர்ந்த நாய்கள், அத்தனை அலைச்சலுக்கும் கிடைத்தது ஒரே ஒரு நரி. கீழே உறைந்த குளத்தில் ஊரார் சறுக்கி விளையாடுகிறார்கள். பனியிலிருந்து தப்பி வந்து பனியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்ற முரண் உறைத்தாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை. ஓவிய விமர்சகர்கள் இதில் என்னென்னவோ கண்டிருக்கிறார்கள். அந்த மூவரின் முதுகைப் பார்த்தாலே தெரியும்: அவர்களும் கதவைத் தேடித்தான் போகிறார்கள்.

காபி இல்லங்களைப் பற்றித் தனி நூலே எழுதலாம். ஒரு மெலாஞ்சும் தட்டில் கூடவே வரும் ஒரு தம்ளர் தண்ணீரும் இருந்தால் மாலைவரை உட்காரலாம். பில்லை நீட்டி யாரும் எழுப்புவதில்லை. ஆஸ்திரியா 2011இல் இந்தப் பண்பாட்டைத் தன் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. கதவுக் கருதுகோளுக்கு எதிர்ச்சான்று நகர மன்றத்தின் முன் கூடும் கிறிஸ்துமஸ் சந்தை. கதவே இல்லாத இடத்தில் இத்தனை கூட்டம் எப்படி? விடை கோப்பையில் இருக்கிறது. மசாலா போட்டுக் காய்ச்சிய ஒயினைப் பீங்கான் கோப்பையில் ஊற்றி, கோப்பைக்குத் தனியாக முன்பணம் வாங்கிக்கொள்கிறார்கள். திருப்பிக் கொடுத்தால் காசு வரும், கை குளிரும். என் கோப்பை காலியான பிறகும் நான் இணை ஆய்வாளரின் கோப்பையை இரண்டு கையாலும் பற்றியிருந்ததை அவள் தன் குறிப்பேட்டில் பதிவு செய்திருக்கிறாள்.

புடாபெஸ்டில் முதல் விதி செயலிழந்தது. 1913இல் திறந்த செசெனி குளியலகத்தில் வெந்நீர்க் குளங்கள் திறந்தவெளியில் இருக்கின்றன. உடை மாற்றும் அறைக்கும் குளத்துக்கும் நடுவே, நீச்சல் உடையோடு கடக்க வேண்டிய கொஞ்ச தூரம் உண்டு. அங்கே குளிருதா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை, ஓடினோம். கழுத்துவரை வெந்நீர், மேலே ஆவி. பக்கத்தில் மார்பளவு தண்ணீரில் நின்று இரண்டு பெரியவர்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அரண்மனையையும் சங்கிலிப் பாலத்தையும் பார்த்ததாக எழுதிவிடலாம் என்று இணை ஆய்வாளர் முன்மொழிந்தாள், நான் வழிமொழிந்தேன். அந்தப் பயணத்தில் ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான்.

பிறகுதான் துண்டுகள் நினைவுக்கு வந்தன. இரண்டும் அந்தப் பக்கச் சுவரில், கொக்கியில் தொங்கின. போய் எடுத்து வருவது கணவனின் கடமை என்றாள். அதற்கு நூலாதாரம் உண்டா என்று கேட்டேன்.

“போங்க” என்றாள்.