கன்னு நட வந்த தம்பிக்கு

வா தம்பி, உக்காரு. ஜவ்வாது மலையில ஆயிரம் கன்னு நடப்போறியாமே, வசூலா? தரேன். அதுக்கு முன்னாடி இந்த நெசவுக்காரக் கெழவன் சொல்றதையும் எழுதிக்கோ.

மொதல்ல பேனர். உன் முகம் பெருசா, கன்னு சிறுசா இருக்கணும். நாள், சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5. மழைக்கெல்லாம் காத்திருக்காத, வெயில்ல நட்டாத்தான் கன்னுக்கு தைரியம் வரும். மயில்கொன்றை வாங்கு. மடகாஸ்கர் மரம், செக்கச்செவேல்னு பூக்கும், போட்டோவுக்கு எடுப்பு. இலுப்பை, வேங்கையெல்லாம் வளர்றதுக்குள்ள ரெண்டு எலெக்‌ஷன் போயிடும். தண்ணியை வருண பகவான் பாத்துப்பாரு, மிச்சத்தை ஆடு பாத்துக்கும். அடுத்த வருசம் குழி தோண்டுற செலவும் இல்ல, பழைய குழி அப்படியே இருக்கும்.

சீமைக்கருவேலத்தையும் உண்ணிச்செடியையும் தொடாத, பச்சையாத்தானே இருக்கு! சீமைக்கருவேலத்தை வெட்டச் சொல்லி 2017-ல ஐகோர்ட்டே உத்தரவு போட்டுச்சு. நாமளும் வெட்டினோம், வேரை விட்டுட்டோம். அது நன்றியோட துளிர்த்துடுச்சு.

திருவண்ணாமலையில பொழைக்கத் தெரியாதவங்க சில பேர் இருக்காங்க. 2003-ல ஆரம்பிச்ச ஃபாரஸ்ட் வே டிரஸ்ட்டுனு பேரு. கோடைக்கு முன்னாடியே மலையில காஞ்ச புல்லை அகலமா அறுத்து தீத்தடுப்புக் கோடு போடுறாங்க. தீப்புடிச்சா மலையேறிப் போய் தழையால அடிச்சு அணைக்கிறாங்க. நம்ம நாட்டு மரமாத்தான் நடுறாங்க. தீ நின்னா, நடாத விதையும் தானா முளைக்குமாம். புல்லு அறுக்கிற எடத்துல பேனரை எங்க கட்டுறது சொல்லு!

2022-ல பசுமைத் தமிழ்நாடு இயக்கம் வந்துச்சு. 23.69 சதவீதப் பசுமைப் பரப்பை பத்து வருசத்துல 33 ஆக்கணும்னு கணக்கு. எண்ணுறது நட்ட கன்னையா, நின்ன மரத்தையானு மட்டும் கேளு. நட்டுட்டுத் திரும்பிப் பாக்காதவன், பாவு பூட்டிட்டு ஊடை ஓட்டாத நெசவாளி. அவன் தறியில சேலை வராது.

சிரிக்காத. நம்ம கமண்டல நாகநதி அந்த ஜவ்வாது மலைத் தண்ணிதான். மலை மொட்டையானா, பேஞ்ச மழை மண்ணையும் அரிச்சிகினு ஒரே ஓட்டமா ஓடிடும். அப்புறம் சாயம் தோச்ச பட்டை எதுல அலசுவ, உன் பேனர்லயா?

இந்தா பணம். ஃபாரஸ்ட் ஆபீஸ்ல கேட்டுகினு நூறு கன்னு மட்டும் நடு. மீதிய மூணு கோடைக்குக் காவல் கூலியா வெச்சிக்கோ. மூணாவது கோடை தாண்டி உசுரோட நிக்கிறதை எண்ணிகினு வா, பேனரை நானே கட்டுறேன்.