சத்தம் உண்டு, சப்ளை இல்லை

சிவனசமுத்திரத்தில் காவிரித் தண்ணீரை வைத்து மின்சாரம் எடுத்து, 1902-லேயே கோலார் தங்கவயலுக்கு அனுப்பிவிட்டார்கள். கம்பி வழியே கமுக்கமாகப் போன மின்சாரம். கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது. இதில் என்ன பெருமை?

அதே காவிரிக்கரையில், ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கல்யாண வீட்டு வாசலில் ஓடும் போர்ட்டபிள் ஜெனரேட்டரைப் பாருங்கள். தெருமுனை வரை கேட்கிறது. புகை சமையல்காரரை இரும வைக்கிறது. பெட்ரோலும் குறைவில்லாமல் குடிக்கிறது. கரன்ட் மட்டும்தான் வரவில்லை. இதைப் போய் ரிப்பேர் என்கிறார்கள்.

மெக்கானிக் வேறு பயமுறுத்துகிறார்: "ரொம்ப நாள் சும்மா கிடந்ததில் காந்தம் செத்துப்போச்சு, சார்." ரோட்டர் இரும்பில் ஒட்டியிருக்கும் துளிக் காந்தம்தான் முதல் மின்சாரத்தைக் கிளப்புமாம். அது போனால் எஞ்சின் எவ்வளவு சுற்றினாலும் மீட்டர் முள் அசையாது. 12 வோல்ட் பேட்டரியால் ஃபீல்டுச் சுருளை ஒரு நொடி உசுப்பினால் பிழைத்துக்கொள்ளும். இல்லையென்றால் கார்பன் பிரஷ், வோல்டேஜைச் சீராக்கும் ஏவிஆர் என்று கழற்ற வேண்டும்.

எதற்கு இந்த வீண் வேலை? ஓடுகிறதா, ஓடுகிறது. நாட்டில் எத்தனை விசாரணைக் கமிஷன்கள் ஓடுகின்றன, எதையாவது கழற்றிப் பார்த்தோமா?

இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் கரன்ட் வந்துவிட்டது. பந்தல் பளிச்சென்றது, நாதஸ்வரத்துக்கு மைக் கிடைத்தது. பெண்ணின் தாய்மாமா நெகிழ்ந்துபோய் ஜெனரேட்டருக்குச் சந்தனம் வைத்து, முகூர்த்தம் முடியும்வரை அதை யாரும் நிறுத்தக்கூடாது என்று சொல்லி, இன்னொரு கேன் பெட்ரோலுக்கு ஆள் அனுப்பினார்.