பங்காளிப் பஞ்சாயத்து

கள்ளக்குறிச்சியில் தோல் பையில் மை கொட்டினால், துடைக்கத் துணி கிடைப்பதற்குள் யோசனை கிடைத்துவிடும். ஓய்வுபெற்ற தமிழாசிரியரான என் பெரியப்பாவின் பழுப்புப் பை மீது, சித்திரை வெயில் தாங்காமல் ஒரு பால்பாயின்ட் பேனா கக்கிவைத்தது. காசளவு நீலம்தான்.

பெரியம்மா எலுமிச்சம்பழத்தோடு வந்தார். எதிர்வீட்டு அத்தை பற்பசையோடு வந்தார். மாடிவீட்டுப் பெண் நெயில் பாலிஷ் ரிமூவரோடு இறங்கி வந்தாள். கொரோனா காலத்தில் வாங்கிய சானிடைசர் கேனுக்கு ஒருவழியாக வேலை வந்ததில் அண்ணனுக்கு ஏக மகிழ்ச்சி.

அண்ணனின் யோசனை பாதி சரி. பால்பாயின்ட் மை தண்ணீருக்கு மசியாது. சானிடைசரில் இருக்கும் ஆல்கஹால் பட்டால் இளகும். வம்பு என்னவென்றால், தோலின் பழுப்பும் பெரும்பாலும் ஒரு பூச்சுதான். எது கறை, எது நிறம் என்று ஆல்கஹால் விசாரிப்பதில்லை. ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் பூச்சையே உரித்துவிடும். பற்பசை சுரண்டிவிடும். ஆகவே கண்ணில் படாத ஓரத்தில் முதலில் சோதித்து, பஞ்சைத் துளி ஆல்கஹாலில் நனைத்து, தேய்க்காமல் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒற்றியெடுக்க வேண்டும். பூச்சில்லாத தோல் என்றால் மை உள்ளே இறங்கியிருக்கும். ஒற்றுவது நம் மனநிறைவுக்கு.

பெரியம்மாவின் எலுமிச்சையையும் கேலி செய்ய முடியாது. அந்தக் கால நீலக்கறுப்பு மையில் இரும்பு உண்டு. புளிப்பு அதைக் கழற்றும். பேனா மாறிவிட்டது, வைத்தியம் மாறவில்லை.

அந்த இரும்பு மை தோலுக்குப் பங்காளி. நம் கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் பொறுக்கி வரும் கடுக்காயையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் துவர்ப்பு பச்சைத் தோலில் ஏறினால், தோல் அழுகாமல் பதமாகும். அதே துவர்ப்போடு அன்னபேதி என்னும் இரும்பு உப்பு சேர்ந்தால் எழுதும் மை. கடுக்காயில் பதனிட்ட தோலில் இரும்பு மை பட்டால், தோலில் இருக்கும் துவர்ப்பையும் சேர்த்துக்கொண்டு கூடுதலாகக் கறுக்கும். சண்டைபோடும் பங்காளிகளைச் சேர்த்துவைக்கப் பஞ்சாயத்து உண்டு. சேர்ந்துவிட்டவர்களைப் பிரிக்க ஏது?

இத்தனையும் பெரியப்பாவுக்கு விளக்கி முடித்தேன். அதற்குள் நான்கு வைத்தியர்களும் முறைவைத்து வேலையை முடித்திருந்தார்கள். காசளவு நீலம் உள்ளங்கையளவு வெளுப்பாகியிருந்தது. நடுவில் நீலமும் அப்படியே இருந்தது.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செருப்பு தைப்பவர் பையைப் புரட்டிப் பார்த்தார். "ஐயா, பேனா பண்ணத சரிபண்ணிடலாம். வீட்ல பண்ணதுக்குத்தான் ஒண்ணும் செய்ய முடியாது. மொத்தமா கறுப்பு அடிச்சிடட்டுமா?"

பெரியப்பா தலையாட்டினார். திரும்பும் வழியில் ஒரு கடையில் நின்று, பைக்குப் பொருத்தமாகக் கறுப்பு மைப் பேனா இரண்டு வாங்கிக்கொண்டார்.