ஜெனீவாவுக்கு ஓர் ஓவர்லாக் டெய்லர் எழுதுவது

பெறுநர்:
பொதுச் செயலாளர் அம்மா அவர்கள்,
சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்,
ஜெனீவா.

அம்மா,

2025ஆம் ஆண்டுக்கு உங்கள் ஆபீஸ் போட்ட கணக்கைப் பார்த்தோம். உலகத்தில் 600 கோடிப் பேர் இணையத்துக்குள் வந்தாயிற்றாம், இன்னும் 220 கோடிப் பேர்தான் வெளியே நிற்கிறார்களாம். அந்த 600 கோடியில் எங்கள் தையல் லைன் மொத்தமும் அடக்கம் என்று தெரிந்ததும் பிசிறு வெட்டும் அக்காக்களுக்குத் தலைகால் புரியவில்லை.

நாங்கள் எப்போது உள்ளே போனோம் என்று விசாரித்தோம். கடைசி மூன்று மாதத்தில், எங்கிருந்தாவது, யார் போனிலாவது இணையத்தைத் தொட்டவர் எல்லாம் பயனாளர் என்பது உங்கள் விதியாம். பக்கத்து மெஷின்காரியின் போனை டீ டைமில் வாங்கி ஒரு சமையல் வீடியோ பார்த்தால் போதும், ஜெனீவாவில் பேர் ஏறிவிடும். இந்த விதி எங்கள் முதலாளிகள் காதுக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூலி கொடுத்தாலே கூலி வாங்குகிறவர் கணக்கில் சேர்ந்துவிடுவோம்.

சிக்னல் இல்லை என்று நாங்கள் குறை சொல்ல மாட்டோம். திருப்பூரில் டவருக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் ரீசார்ஜுக்கு. சனிக்கிழமை சம்பளக்காரர்களான எங்களுக்காகவே போன் கம்பெனிகள் மாதத்தை நான்கு சனிக்கிழமையாக வெட்டிவிட்டன. 28 நாள் முடிந்தால் மாதம் முடிந்தது. சித்திரை முதல் பங்குனி வரை 12தான் என்று எங்கள் பாட்டி சொல்லிக் கொடுத்தது தப்பு, 13 இருக்கிறது. 30 நாள் திட்டம் ஒன்றாவது வையுங்கள் என்று 2022இல் எங்கள் நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டது. 2024 ஜூலையில் கட்டணமும் ஏறியது.

இணையச் செலவு சராசரி மாத வருமானத்தில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஐ.நா. பக்கம் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறீர்கள். சராசரி என்றால் நல்ல விஷயம்தானுங்க. அதில் கைமடிக்கிற பெண்ணும் இருக்கிறாள், நாட்டின் முதல் பணக்காரரும் இருக்கிறார். ரீசார்ஜ் செய்யும் நேரம் வந்தால்தான் அவர் கவுண்டருக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்கிறார்.

ஹாஸ்டல் சங்கதி தனி. போனை வார்டனிடம் கொடுத்துவிட வேண்டும் என்கிற மில் ஹாஸ்டல்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று. 2019இல் கேரளத்தில் ஃபஹீமா ஷிரின் என்ற மாணவி, சாயங்காலம் 6 முதல் 10 வரை போன் கூடாது என்ற கல்லூரி விடுதி விதியை எதிர்த்து வழக்குப் போட்டார். இணையம் அடிப்படை உரிமை என்று கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. பாலக்காட்டுக் கணவாய் எங்களுக்குப் பக்கம்தான். அதன் வழியாக வருகிற காற்றில்தான் பல்லடம், உடுமலைக் காற்றாலைகள் சுற்றுகின்றன. தீர்ப்பு மட்டும் கணவாய்க்கு அந்தப் பக்கமே தங்கிவிட்டது.

நாங்கள் இணையத்தைத் தேடிப் போகாவிட்டாலும் அது எங்களைத் தேடி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்ட் 1 முதல் புதிதாக பி.எஃப். எண் வேண்டுமென்றால் அரசின் உமாங் செயலியில் முகம் காட்ட வேண்டும். கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது. ஒன்றரை ஷிஃப்ட் பார்த்துவிட்டு ராத்திரி ஒன்பதுக்கு வருகிறவளுக்கு மூடுவதில் சிரமமில்லை, மறுபடி திறப்பதுதான் பாடு. வயதான காலத்துக் காசு அந்தச் சிமிட்டலில் நிற்கிறது. போன் இல்லாதவள் யார் போனிலாவது சிமிட்டிக்கொள்ள வேண்டியதுதான். அப்படிச் சிமிட்டியவளும் உங்கள் விதிப்படி பயனாளர், அடுத்த மூன்று மாதத்துக்குக் கவலையில்லை.

எங்களைவிட நாங்கள் தைக்கும் டி-சர்ட் கெட்டிக்கார டி-சர்ட். அதற்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் வரப்போகிறது. 2024 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கான சட்டம் அமலாயிற்று, துணிமணி முன்வரிசையில் நிற்கிறது. அங்கே வாங்குகிறவர் ஒரு குறியீட்டை ஸ்கேன் செய்தால் என்ன நூல், எத்தனை நாள் உழைக்கும், கிழிந்தபின் என்ன செய்வது என்றெல்லாம் சட்டையே ஜாதகம் சொல்லுமாம். தைத்தவளின் ஜாதகத்தை எழுத லேபிளில் இடம் இருக்கிறதா என்று தெரிந்தால் சொல்லுங்கள். ரிஜக்ட் ஆகி எங்கள் ஊர்க் காதர்பேட்டையில் குவியல் குவியலாக விற்கிறதே, அந்தத் துணிக்குப் பாஸ்போர்ட் கிடையாது. அது எங்கள் கட்சி.

அடுத்த கணக்கெடுப்பில் மூன்று கேள்வி சேர்க்க முடியுமா? போன் யாருடையது? ரீசார்ஜ் யார் காசு? அதைக் கையில் எடுக்க நாளில் எத்தனை நிமிடம்? இந்தக் கேள்விகளைக் கேட்டால் உங்கள் 600 கோடி கொஞ்சம் சுருங்கும். சாயம் போட்ட துணியும் முதல் அலசலில் சுருங்கத்தான் செய்யும், அதற்காக யாரும் அலசாமல் கட்டிங்குக்கு அனுப்புவதில்லை.

கடைசியாக ஒரு விண்ணப்பம். 2030க்குள் உலகத்தையே இணையத்தில் சேர்க்க 42,800 கோடி டாலர் ஆகும் என்று 2020இல் சொன்னீர்கள். 2025இல் அதையே 2.6 முதல் 2.8 லட்சம் கோடி டாலர் என்கிறீர்கள். ஐந்து வருஷத்தில் ஆறு மடங்கு! இந்தத் தொகையைக் கூட்டிக் கேட்ட கணக்காளர் யாரோ, அவரைத் தயவுசெய்து திருப்பூருக்கு அனுப்பி வையுங்கள். அடுத்த கூலி ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் அவர் எங்கள் பக்கம் உட்கார வேண்டும்.

இப்படிக்கு,
600 கோடியில் ஒருத்தி,
ஓவர்லாக் செக்‌ஷன், திருப்பூர்.