பதினோராம் வாய்ப்பாடு

நேற்றும் மாமா ஏர்போர்ட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டார். ஸ்டாஃப் டிக்கெட். சீட் மிச்சமிருந்தால்தான் ஏற்றுவார்கள். மூன்று நாளாகச் சென்னை விமானத்தில் ஒன்றும் மிச்சமில்லை. பெட்டியை வாசலில் வைத்த கையோடு, "பஸ்ஸுக்குப் போக வர எவ்வளவு ஆச்சு தெரியுமா மாப்ளே?" என்று ஆரம்பித்தார். டாலரில் தெரியும். அவர் கேட்டது ரூபாயில்.

வெளிநாட்டில் பைலட் வேலைக்குப் போனால் கட்டுபடியாகுமா என்று ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். சொல்கிறேன். அதற்குமுன் இந்தப் பெருக்கல் சனியனை முடித்துவிடுகிறேன்.

2019-ல் நான் பைலட்டாக ஹாங்காங் வந்தபோது டாலரை ரூபாயாக்க ஒன்பதாம் வாய்ப்பாடுதான். இந்த ஊர் டாலரை 1983-லேயே அமெரிக்க டாலரோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். முளையில் கட்டிய மாடு மாதிரி அது நின்ற இடத்தில் நிற்கிறது. நம் ரூபாய்தான் கயிற்றை அறுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கிக்கொண்டே போகிறது. நடுவில் பத்தாம் வாய்ப்பாடு வந்ததே, அது பொற்காலம். ஒரு பூஜ்யம் போட்டால் தீர்ந்தது. இப்போது பதினொன்று. 35,000 அடியிலிருந்து இறங்க எவ்வளவு தூரம் முன்னால் ஆரம்பிக்க வேண்டும் என்று கேளுங்கள்: முப்பத்தைந்தை மூன்றால் பெருக்கி 105 கடல் மைல் என்று தூக்கத்தில்கூடச் சொல்வேன். (தூங்குவதில்லை, பயப்படாதீர்கள்.) அதே ஆள் துங் சுங் மார்க்கெட்டில் பதினேழு டாலர் காலிஃபிளவரைக் கையில் ஏந்திக்கொண்டு, பதினேழு பதினொன்று எவ்வளவு என்று உதடு முணுமுணுக்க நிற்கிறேன். நூற்று எண்பத்தேழு. கீழே வைத்துவிட்டேன்.

கறிவேப்பிலைக்கு வருவோம். சிம் ஷா சுயியில் ஒரு இந்தியக் கடை. ஒரு பிடி இலை, அதில் பாதி கறுத்தது, பிளாஸ்டிக் உறைக்குள் வியர்த்துக் கிடக்கிறது. பத்து டாலர். திருச்சி காந்தி மார்க்கெட்டில் கொத்தமல்லி வாங்கினால் கொசுறாகப் பைக்குள் விழுகிற வஸ்து. பூஜ்யத்தைப் பதினொன்றால் பெருக்கினால் பூஜ்யம்தானே வர வேண்டும்? நூற்றுப்பத்து வருகிறது. மாமா அந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கு ரசத்தில் மிதந்த இலையை, பிறந்ததிலிருந்து ஒதுக்கி வைத்தே பழகிய மனிதர், மென்று தின்றார்.

வாடகையும் அதே பதினேழுதான், கூட மூன்று பூஜ்யம். 420 சதுர அடி. குடி வரும்போது இரண்டு மாத அட்வான்ஸ், முதல் மாத வாடகை, தரகருக்கு அரை மாதம். இதையெல்லாம் பெருக்கிய இரவு நான் சாப்பிடவில்லை. ஊரில் என் சம்பளத்தைப் பதினொன்றால் பெருக்காத சொந்தக்காரர் கிடையாது. வாடகையைப் பெருக்கிப் பார்க்க மட்டும் ஒருத்தருக்கும் கணக்கு வருவதில்லை.

சில கேப்டன்கள் டிஸ்கவரி பேயில் இருக்கிறார்கள். அங்கே சொந்தக் கார் வைத்துக்கொள்ள முடியாது, கோல்ஃப் வண்டிதான். அதற்கும் எண்ணிக்கை வரம்பு இருப்பதால் ஒரு வண்டி 20 லட்சம் டாலருக்கு மேல் விலை போயிருக்கிறது. சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். மாமா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து விரல் மடக்கினார். இரண்டு கோடியே இருபது லட்சம்.

"கதவுகூட இல்லையே மாப்ளே!"

ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டி எழுப்பி இன்னொரு தடவை சொன்னார், கதவுகூட இல்லையே என்று. எனக்கு விடியற்காலை டியூட்டி.

பையன்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். நாளை இரவு சென்னை விமானத்துக்கு மாமா பேரில் முழு விலையில் ஒரு டிக்கெட் போட்டுவிட்டேன். எவ்வளவு என்று அவரிடம் சொல்லவில்லை. நானும் பெருக்கவில்லை.