பகடைப்பட இயல்: மூன்று நூற்பாவும் உரையும்

இவ்வியல் என் நுதலிற்றோ எனின், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேடம் ஏற்று ஆடும் ஆட்டங்கள், திரைக்குப் போனதும் ஏன் சப்பென்று ஆகின்றன என்பதை உணர்த்துதல் நுதலிற்று. இவற்றுள் தலையாயது, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து உருவாக்க, 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. சான்றுகளும் அதிலிருந்தே கொள்ளப்படும்.

நூற்பா 1:
பகடை இல்வழிப் பழியே மிகுமே.

உரை: ஆட்டத்தில் இருபது முகப் பகடை வைத்ததே சட்டம். எப்பேர்ப்பட்ட வீரனுக்கும் இருபதில் ஒரு பங்கு வாய்ப்பாக ஒன்று விழும். ஓங்கிய வாள் குறி தவறும். மேசையே வயிறு குலுங்கச் சிரிக்கும். திட்டு முழுவதும் பகடைக்கு. படத்தில் அதே வாள் தவறினால் திட்டு இயக்குநருக்கு. தவறாவிட்டால் பார்ப்பவருக்குக் கொட்டாவி. இவ்வாட்டத்தின் பெயரிலேயே 2000-இல் கோர்ட்னி சாலமன் இயக்கிய படத்தில், ரிட்லி என்னும் திருடன் பொறிகள் நிறைந்த புதிர்ப்பாதை ஒன்றைக் கடந்துவிடுகிறான். மேசையாக இருந்தால் முதல் பொறிக்கே முக்கால் மணி நேரம் வாக்குவாதம் நடந்திருக்கும்; நீளக் கழியால் தரையைத் தட்டிப் பார்க்காமல் ஒருவரும் ஓரடி எடுத்து வைத்திருக்க மாட்டார்கள்.

நடிப்புக் குறையே காரணம் என்பாரும் உளர். அஃது அன்று. அப்படத்தின் வில்லன் ஆஸ்கர் வாங்கிய ஜெரமி அயன்ஸ். அயர்லாந்தில் பழங்கோட்டை ஒன்றை விலைக்கு வாங்கிவிட்டு, அதற்குப் பணம் தேவைப்பட்ட நேரம் அவருக்கு. வசனத்துக்கு ஒரு கல் என்ற கணக்கில் முழங்கித் தள்ளுகிறார். ஆகவே நடிப்பில் மிகை உண்டே அன்றிக் குறை இல்லை.

நூற்பா 2:
தான்செய் மடமை தனக்கு நகையே;
பிறன்செய் மடமை காசுக்குக் கேடே.

உரை: ஆட்டத்தை நடத்தும் 'டன்ஜன் மாஸ்டர்' ஒரு வாரம் கண்விழித்துப் பாதாளக் கோட்டையை வரைந்து வைத்திருப்பார். ஆடுவோரோ, வழியில் பேச்சுக்கு வந்த கடைக்காரனிடம் கயிற்றுக்குப் பேரம் பேசியே இரவைக் கழிப்பார்கள். பாதாளத்தில் டிராகன் கேட்பாரற்றுக் கிடக்கும். அந்தப் பேரத்தை ஆடியவர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆடாதவர் கடிகாரத்தைப் பார்ப்பார். படத்தில் நாம் எல்லோரும் ஆடாதவர்கள். போதாக்குறைக்கு டிக்கெட்டும் வாங்கியவர்கள்.

நூற்பா 3 (புறனடை):
ஒரோவழி இனித்தலும் வரையார் புலவர்.

உரை: இதே ஆட்டத்தை வைத்து 2023-இல் வந்த 'ஹானர் அமங் தீவ்ஸ்' படம் இதற்கு இலக்கியம். பழைய கற்பாலம் ஒன்றை எந்தக் கல்லில் எப்படிக் கால் வைத்துக் கடக்க வேண்டும் என்று வீரன் ஒருவன் நிறுத்தி நிதானமாக விளக்குகிறான். அதற்குள் மந்திரவாதி சைமன் தெரியாத்தனமாகக் காலை வைத்துவிட, பாலம் மொத்தமும் சரிந்து விழுகிறது. கண்ணில் படாத பகடையில் ஒன்று விழுந்தது ஆடியவர்களுக்கு விளங்கிற்று, ஆடாதவர்களும் சிரித்தார்கள்.

அங்ஙனமாயின் ஏமாற்றம் ஒழிந்ததோ எனின், ஒழிந்திலது. சுமார் 15 கோடி டாலர் போட்டு எடுத்த அப்படம் உலகெங்கும் வசூலித்தது ஏறத்தாழ 21 கோடி. தியேட்டர்காரர் பங்கும் விளம்பரச் செலவும் போக முதலே தேறாது. எனவே, ஏமாற்றத்துக்கு அழிவில்லை என்பதும், பார்ப்பவரை விட்டால் அது படம் எடுத்தவரைப் பிடித்துக்கொள்ளும் என்பதும் பெறப்பட்டன.