கைவானொலிக்கு உபதேசம்

மனிதனோடு மனிதன் சம்பாஷிப்பதற்கென்று ஏற்பட்ட சாதனங்களுள், வாயைத் திறப்பதற்கு முன் மிக நீண்ட மௌன விரதத்தை அனுஷ்டிக்கச் செய்வது, ஹாம் ரேடியோக்காரர்கள் 'ஹேண்டி' என்று செல்லமாகச் சொல்லும் கைவானொலிதான் என்பது என் அபிப்பிராயம். மத்திய சர்க்காரின் பரீட்சையில் தேறி, உரிமமும் அழைப்புக் குறியும் பெற்ற பின்பு நாவை அசைப்பதொன்றே பாக்கி என்று மகிழ்கிறவர்கள், பௌஃபெங் யூவி-5ஆர் என்னும் மலிவான சீனக் கருவியின் பொத்தான்களை இன்னும் தொட்டுப் பாராதவர்கள்.

கைவானொலியின் குரலை வாங்கித் தொலைவுக்கு மறு ஒலிபரப்புச் செய்ய மலையுச்சியில் வீற்றிருக்கும் ரிப்பீட்டரோ, மாடியில் நின்று பேசிவிட்டுக் கொல்லைப்புறத்தில் காது கொடுக்கும் பெரிய மனிதரின் சுபாவம் உடையது: 145 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே அது பேசும், நாம் சொல்வதைக் கேட்பது அதற்கு 600 கிலோஹெர்ட்ஸ் கீழே, குரலின் அடியில் காதுக்குப் புலப்படாத ஒரு தொனியையும் சேர்த்து அனுப்பினாலன்றிச் சில ரிப்பீட்டர்கள் திரும்பியும் பாரா. இவ்வளவையும் பொத்தானை அமுக்கி அமுக்கியே பதிவு செய்யலாம். அமுக்குந்தோறும் கருவிக்குள்ளிருந்து ஓர் அம்மாள் ஆங்கிலத்திலோ சீனத்திலோ, நம் இஷ்டப்படி, அதட்டுவாள். ஆனால் 128 சேனல்களுக்கும் பெயர் சூட்டும் அதிகாரம் பொத்தானுக்கு இல்லை. அதற்குக் கம்ப்யூட்டரைத்தான் சரணடைய வேண்டும்.

இந்த வேலைக்கென்று டான் ஸ்மித் என்ற அமெரிக்கர் தொடங்கிவைத்த 'சிர்ப்' என்னும் மென்பொருள் இலவசம்; கருவியைக் கம்ப்யூட்டரோடு பிணைக்கும் கேபிளும் அற்ப விலைதான். ஆயினும் கேபிளின் தலைக்குள் இருக்கும் சில்லு பெரும்பாலும் போலி என்பதும், புதிய டிரைவர் அந்தப் போலியை முகம் பார்த்தே நிராகரித்துவிடும் என்பதும், ஆகவே பழைய டிரைவரைத் தேடிப் பிடித்துப் போடவேண்டும் என்பதும் கடைக்காரர் வாய்திறந்து சொல்லாத ரகசியங்கள். அதையும் கடந்தால், 'ரேடியோ பதில் சொல்லவில்லை' என்று திரையில் ஒரு வரி வரும். காரணம் தத்துவார்த்தமானதன்று, பிளக் உள்ளே முழுவதும் இறங்கியிருக்காது. கட்டைவிரல் சிவக்க அமுக்குவோர் ஒரு கட்சி. பிளக்கின் பிளாஸ்டிக்கைப் பேனாக்கத்தியால் சீவுவோர் மறுகட்சி. நான் கத்திக் கட்சி.

இந்தச் சமயத்தில்தான் என் மனையாள், "ஃபோன் இருக்கும்போது இது எதற்கு?" என்றாள். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கித் தொலைபேசிகள் ஊமையானபோது, வானொலிப் பயணமாகப் போர்ட் பிளேருக்குச் சென்றிருந்த பாரதி பிரசாத் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் தம் கருவிகளால் செய்திகளைக் கரை சேர்த்த வரலாற்றைக் கம்பீரமாக எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டவள், "அவர்களும் அன்றைக்கு டிரைவரைத் தேடிக்கொண்டா இருந்தார்கள்?" என்றாள்.

கருவியில் இருப்பதை முதலில் படித்துப் பிரதியெடுத்துப் பத்திரப்படுத்திய பிறகே புதியதை எழுதவேண்டும் என்பது இந்தச் சாஸ்திரத்தின் தலையாய விதி. அதை வழுவாமல் அனுசரித்தேன். பெயருக்கு ஏழே ஆங்கில எழுத்துகள்தான் இடம் என்பதால், கொடைக்கானல் 'கொடைக்கா' ஆயிற்று. திருநெல்வேலியில் நெல் உள்ளே போக, வேலி வெளியே நின்றுவிட்டது.

எழுதி முடித்துக் கேபிளைப் பிடுங்கி, பேசும் பொத்தானை அமுக்கி, அழைப்புக் குறியைச் சொன்னேன். வயது முதிர்ந்த குரலொன்று உடனே விடையளித்தது: "சிக்னல் ஐந்து-ஒன்பது, ஓல்ட் மேன்! ரொம்பத் தெளிவு. அது சரி, கேபிள் எங்கே வாங்கினீங்க?"